ஊட்டிவிடும் கை போதுமா?

"எனக்குப் பிறகு இவன் கதி என்ன?"

உடலிலோ அறிவிலோ குறைபாடு உள்ள பிள்ளையைப் பெற்ற தாய்மாரிடம் பேசிப் பாருங்கள். பேச்சு எங்கே தொடங்கினாலும் இந்தக் கேள்வியிலே வந்து நிற்கும். மகனுக்கு வயது முப்பது. தாய்க்கோ அறுபதுக்கு மேல். இன்றும் அவள்தான் அவனுக்குப் பல் துலக்கிவிடுகிறாள், குளிப்பாட்டுகிறாள், சட்டை மாட்டுகிறாள், சோறு ஊட்டுகிறாள். அவளுடைய அன்புக்கு ஈடு உண்டா? இல்லை! ஆனால் நாம் கேட்கிறோம்: அந்தக் கரம் ஒருநாள் ஓய்ந்துவிடுமே, மறுநாள் காலையிலே அவனுக்குப் பல் துலக்கிவிடப் போவது யார்?

"ஆண்டவன் பார்த்துக்கொள்வான்" என்பார் சிலர். "முற்பிறப்பின் வினை, அனுபவித்துத்தான் தீரவேண்டும்" என்பார் வேறு சிலர். "ஐயோ பாவம்!" என்று பெருமூச்சு விட்டுவிட்டுப் பேருந்தைப் பிடிக்க ஓடுவார் பலர். மூன்று கூட்டத்தாரும் ஒரே ஒரு விஷயத்திலே ஒற்றுமையாக இருக்கிறார்கள். அவனுக்கு எதையாவது கற்றுக்கொடுப்போம் என்று அவர்களில் யாரும் சொல்வதில்லை!

2011ஆம் ஆண்டின் மக்கள்தொகைக் கணக்கு, இந்தியாவிலே மாற்றுத்திறனாளிகள் 2 கோடியே 68 லட்சம் பேர் என்றது. தமிழ்நாட்டிலே மட்டும் ஏறத்தாழ 11 லட்சத்து 80 ஆயிரம் பேர். இத்தனை பேருக்கும் காலமெல்லாம் ஊட்டிவிடக் கைகள் உண்டா? உண்டென்றே வைத்துக்கொள்வோம், ஊட்டிவிடப்படுவதையே அவர்கள் விரும்புகிறார்கள் என்று நமக்குச் சொன்னவர் யார்?

வேலூரைப் பாருங்கள். 1954ஆம் ஆண்டிலே கார் விபத்தொன்றில் முதுகெலும்பு முறிந்தார் ஓர் இளம் பெண் மருத்துவர். பெயர் மேரி வர்கீஸ். இடுப்புக்குக் கீழே உணர்வு இல்லை. "இனி இவர் வாழ்வு கட்டிலோடு" என்றுதானே ஊர் முடிவு கட்டும்? ஆனால் அவர் சக்கர நாற்காலியிலே அமர்ந்தபடியே, தொழுநோயால் மடங்கிப்போன கைகளை அறுவை செய்து நிமிர்த்தினார். பிறகு வெளிநாடு சென்று மறுவாழ்வு மருத்துவம் பயின்று திரும்பினார். 1966இலே வேலூரில் மறுவாழ்வு நிலையம் எழுந்தது. தென்காசிப் பக்கத்து ஆய்க்குடியிலும் ஒரு சான்று உண்டு. 1975இலே கழுத்துக்குக் கீழே செயலிழந்த ராமகிருஷ்ணன் என்ற இளைஞர், 1981இலே அமர் சேவா சங்கத்தைத் தொடங்கினார். இவர்களைத் தூக்கி நிறுத்தியது எது? விதியா? இல்லை, பயிற்சி! பரிதாபமா? இல்லை, பற்றுறுதி!

பயிற்சி என்றதும் ஏதோ மந்திரவித்தை என்று எண்ணவேண்டாம். மிக எளிய காரியங்கள்தான். எளியவை என்பதாலேயே நம் கண்ணுக்குத் தப்பியவை.

முதுகுத்தண்டு அடிபட்டவர் கட்டிலிலிருந்து நாற்காலிக்கு மாறவேண்டும். நாற்காலியைக் கட்டிலோடு ஒட்டி நிறுத்து, சக்கரத்தைப் பூட்டு, இடையே வழவழப்பான பலகையைப் பாலமாக வை, கையை ஊன்றி நகர். கால்மணி நேரத்துக்கு ஒருமுறை கைகளை ஊன்றி உடலைச் சற்றே தூக்கிக்கொள்; இல்லையேல் உணர்வில்லாத தோலிலே புண் வரும், அந்தப் புண்ணே உயிரைக் குடிக்கும். கடிகாரத்தைப் பார்த்து, சில மணி நேரத்துக்கு ஒருமுறை, குழாய் வைத்துத் தானே சிறுநீரை வெளியேற்று. இதைக் கற்றவன் வேலைக்குப் போகிறான். கல்லாதவன் மருத்துவமனைக்குப் போகிறான்!

பக்கவாதம் வந்தவருக்குச் சட்டை போடுவதிலே ஒரு சூட்சுமம். முதலிலே செயலிழந்த கையை நுழைக்கவேண்டும். கழற்றும்போது நல்ல கையை முதலில் எடுக்கவேண்டும். பார்வையற்றவர் தட்டைக் கடிகாரமாக எண்ணிக்கொள்வார். ஆறு மணிப் பக்கம் சோறு, மூன்று மணிப் பக்கம் கூட்டு என்று சொல்லிவிட்டால் போதும், யாரும் பிசைந்து தரவேண்டியதில்லை. அறிவு வளர்ச்சி குன்றியவருக்குத் தேநீர் போடக் கற்றுத்தரவேண்டுமா? வேலையை இருபது சிறு படிகளாகப் பிரியுங்கள். பத்தொன்பதை நீங்கள் செய்து, வடிகட்டிய தேநீரைத் தம்ளரிலே ஊற்றும் கடைசிப் படியை மட்டும் அவரிடம் விடுங்கள். அது கைவந்ததும் அதற்கு முந்தைய படி. பிறகு அதற்கும் முந்தையது. ஒவ்வொரு நாளும் அவர் பெறுவது வெற்றி, ஒவ்வொரு நாளும் அவர் கேட்பது, "நீ போட்ட தேநீர்!" என்ற சொல்.

சில்லறை எண்ணுவது, பேருந்து எண்ணை அறிவது, வங்கிக்குப் போவது, வாக்களிப்பது, தவறான எண்ணத்தோடு தொடவருகிறவனைப் பார்த்து "வேண்டாம்!" என்று உரக்கச் சொல்வது, இவையெல்லாம் பாடங்கள்தான். பாடம் நடக்கும் இடமும் முக்கியம். நிலையத்து அடுப்பிலே பழகியவர் தம் வீட்டு அடுப்பின் முன்னே திகைத்து நிற்கக்கூடும். எனவே கற்றுக்கொடுப்பவர் வீட்டுக்கு வரவேண்டும். சந்தைக்கும் கூட நடக்கவேண்டும்.

"கொதிக்கும் பாலைக் கையிலே கொட்டிக்கொண்டால்?" என்று பதறுகிறார்கள். நியாயமான அச்சம். ஆனால் மூத்த மகன் சைக்கிள் பழகியபோது முழங்காலைச் சிராய்த்துக்கொள்ளவில்லையா? அதற்காகச் சைக்கிளைப் பூட்டி வைத்தீர்களா? "நான் போட்டுவிட்டால் இரண்டு நிமிடம், அவனாகப் போட்டால் இருபது நிமிடம்" என்கிறார்கள். உண்மை. அந்தப் பதினெட்டு நிமிடத்தை மிச்சம் பிடித்து அவன் ஆயுளையே இழக்கச் செய்வது கணக்காகுமா?

"கையே அசையாதவர் என்ன செய்வார்?" என்றும் கேட்கலாம். விடை அமெரிக்காவிலே கிடைத்தது. எட் ராபர்ட்ஸ் என்பவருக்குப் பதினான்கு வயதிலே இளம்பிள்ளை வாதம். கழுத்துக்குக் கீழே அசைவு இல்லை. உயிர்ப்புக்கே இயந்திரம் வேண்டும். 1962இலே பெர்க்லி பல்கலைக்கழகத்திலே போராடி நுழைந்தார். 1972இலே தோழர்களோடு அங்கே சுதந்திர வாழ்வு மையம் கண்டார். வேலைக்குத் தகுதியற்றவர் என்று ஒருகாலத்திலே அவரை ஒதுக்கிய கலிபோர்னியா மாநில மறுவாழ்வுத் துறைக்கே 1975இலே தலைவரானார்! அவர்கள் உலகுக்குச் சொன்னது இதுதான்: எல்லாவற்றையும் தன் கையாலே செய்வதல்ல சுதந்திரம், எப்போது எழுவது, எதை உண்பது, எங்கே போவது, யார் உதவுவது என்பதைத் தானே முடிவு செய்வதே சுதந்திரம். உதவியாளருக்கு வேலை சொல்லக் கற்பதும் ஒரு கல்வியே. இதற்குத் தமிழிலே நமக்கு நன்கு அறிமுகமான பெயர் உண்டு: தன்மானம்!

சட்டம் இல்லையா? இருக்கிறது. ஐக்கிய நாடுகள் மன்றம் 2006இலே நிறைவேற்றிய உடன்படிக்கையின் 19ஆவது பிரிவு, சமூகத்தோடு கலந்து சுதந்திரமாக வாழும் உரிமையைச் சொல்கிறது. இந்தியா 2007இலே ஏற்றது. 2016ஆம் ஆண்டுச் சட்டத்தின் 5ஆவது பிரிவும் அதையே சொல்கிறது. குறைபாடுகளின் பட்டியலை ஏழிலிருந்து இருபத்தொன்றாக விரித்ததும் அதே சட்டம்தான். ஆறு வயது முதல் பதினெட்டு வரை இலவசக் கல்வி என்றும் அது கூறுகிறது. நல்லது! ஆனால் பத்தொன்பதாவது வயதிலே? பள்ளிக் கதவு மூடிய பிறகு வீட்டுத் திண்ணைதானா? வாழ்வின் நீண்ட பகுதி அங்கேதானே தொடங்குகிறது!

2010இலே தமிழ்நாடு அரசு, "ஊனமுற்றோர்" என்ற சொல்லை நீக்கி "மாற்றுத்திறனாளி" என்று அழைத்தது. பெயரிலே மரியாதை வந்தது. அந்தப் பெயருக்குள்ளே இருக்கும் "திறன்" என்ற சொல்லுக்குப் பொருள் சேர்க்கவேண்டாமா?

நாம் கேட்பது தர்மம் அல்ல, உரிமை. வட்டந்தோறும் வயது வந்தோருக்கான வாழ்வுப் பயிற்சி மையம் வேண்டும். வீடு தேடிச் சென்று கற்பிக்கும் பயிற்சியாளர்களுக்கு, வயிறு நிறையும் ஊதியம் வேண்டும். அந்தப் பயிற்சியாளர்களிலே மாற்றுத்திறனாளிகளே மிகுதியாக இருக்கவேண்டும். நடந்தவனுக்குத்தானே வழி தெரியும்! உதவியாளரை அமர்த்திக்கொள்ள உதவித்தொகை வேண்டும். கதவை அகலமாக்கவும், படியைச் சரிவாக்கவும், கழிப்பறையிலே கைப்பிடி பொருத்தவும் பணம் வேண்டும்.

அரசு செய்யவேண்டியது இது. வீட்டார் செய்யவேண்டியது ஒன்றுண்டு. அதற்கு ஆணையும் வேண்டாம், அலுவலகமும் வேண்டாம். நாளைக் காலையிலே சட்டையின் கடைசிப் பொத்தானை மட்டும் அவர்களிடம் விட்டுவிடுங்கள். விரல் தடுமாறட்டும், நேரம் ஆகட்டும், பொறுத்திருங்கள்!