எழுதப் படிக்கத் தெரியாத வாத்தியார்!

அவர் அமெரிக்காவில் பிரின்ஸ்டன் பல்கலைக்கழகத்தில் படித்தவர். இங்கிலாந்துக்குப் போய், ஆக்ஸ்போர்டிலும் படித்தவர்.

ஆனால், அந்த ஊரில் கால் வைத்ததும், கடைப் பலகையைக்கூட அவரால் படிக்க முடியவில்லை. பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் படபடவென்று படிக்கும் எழுத்தைப் பார்த்து, அவர் விழித்துக்கொண்டு நின்றார்.

அவர் அங்கே என்ன வேலைக்குப் போனார் தெரியுமா? வாத்தியார் வேலைக்கு!

அவர் பெயர், பீட்டர் ஹெஸ்லர். அந்த ஊர், சீனாவில் உள்ள பூலிங்.

படகில் வந்தார்

1996-ம் ஆண்டு. ஆகஸ்டு மாதக் கடைசி. சோங்கிங் நகரில் இருந்து யாங்சி நதி வழியாக ஒரு படகு மெதுவாக வந்தது. அதில் இருந்து ஹெஸ்லர் இறங்கினார். அப்போது அவருக்கு வயது 27.

"அமைதிப் படை" என்று அமெரிக்காவில் ஓர் அமைப்பு உண்டு. 1961-ம் ஆண்டில் ஏற்பட்டது. பெயர்தான் படை. துப்பாக்கி கிடையாது. இளைஞர்களை வெளிநாடுகளுக்கு அனுப்பி, பாடம் சொல்லித் தருவது போன்ற பணிகளைச் செய்ய வைக்கும் அமைப்பு அது. அந்தப் படையின் தொண்டராகத்தான் ஹெஸ்லர் வந்தார்.

சீனா என்றால் பெருஞ்சுவர் உண்டு. அரண்மனை உண்டு. அவற்றைப் பார்க்க உலகமே போகிறது. பூலிங்குக்கு யார் போவார்கள்? அப்போது ரெயில் கிடையாது. ரோடும் மோசம். படகுதான் வழி.

யாங்சி நதியும், வூ நதியும் கூடும் இடத்தில் இருக்கிறது ஊர். அப்போதைய மக்கள்தொகை சுமார் 2 லட்சம். ஊர் முழுவதும் மலைச்சரிவு. எங்கே பார்த்தாலும் படிக்கட்டு. அதனால் சைக்கிளைக் காண்பதே அரிது. மூங்கில் கழியில் சுமையைத் தொங்கவிட்டு, தோளில் வைத்துக்கொண்டு கூலிகள் படி ஏறுவார்கள்.

அந்த ஊர் ஒன்றுக்குப் பேர் போனது. ஊறுகாய்! ஒரு வகைக் கடுகுச் செடியின் பருத்த தண்டில் போடுகிற ஊறுகாய் அது.

தெருவில் கூட்டம்

அமெரிக்கர் யாரும் குடியிருந்து சுமார் 50 ஆண்டு ஆகிவிட்ட ஊர் அது. ஹெஸ்லர் தெருவில் இறங்கினால் போதும். ஜனங்கள் நின்று பார்ப்பார்கள். "ஹலோ! ஹலோ!" என்று கத்துவார்கள். சிலர் கேலி செய்வார்கள். சிலர் ஏசுவதும் உண்டு.

முதலில் அவருக்கு அது புரியவில்லை. புரிய ஆரம்பித்ததும் வலித்தது.

மாலையில் மாணவர்

கல்லூரி, ஆற்றுக்கு அக்கரையில் இருந்தது. அது ஆசிரியர் பயிற்சிக் கல்லூரி. மாணவர்கள் பெரும்பாலும் குடியானவர் வீட்டுப் பிள்ளைகள். படிப்பு முடிந்ததும், கிராமப் பள்ளிகளில் ஆங்கில ஆசிரியர் ஆக வேண்டியவர்கள்.

அவர்களுக்கு ஹெஸ்லர் ஆங்கில இலக்கியம் நடத்தினார். ஷேக்ஸ்பியர் நாடகத்தை மாணவர்களே நடித்தார்கள். பணக்காரரிடம் கொள்ளையடித்து ஏழைக்குக் கொடுத்த ராபின் ஹூட் கதையும் வந்தது. "அவன் நல்லவனா, கெட்டவனா?" என்று கேட்டார். வகுப்பு இரண்டு பட்டது! "புரட்சி வீரன்" என்றனர் சிலர். "வெறும் திருடன்" என்றனர் சிலர்.

வகுப்பு முடிந்தால் வேஷம் மாறிவிடும். வாத்தியார், மாணவர் ஆகிவிடுவார்!

சீன மொழி லேசுப்பட்டது அல்ல. "மா" என்று ஒரே நீட்டாகச் சொன்னால் அம்மா. குரலைத் தாழ்த்தி ஏற்றினால் குதிரை. சட்டென்று இறக்கினால் திட்டுவது! எழுத்தோ ஆயிரக்கணக்கில்.

அவருக்குச் சொல்லித் தந்த ஆசிரியை கண்டிப்பானவர். தப்பாகச் சொன்னால், "புடுய்!" என்பார். "தப்பு!" என்று அர்த்தம். அமெரிக்காவில், முதலில் முதுகில் தட்டிக் கொடுத்துவிட்டுத்தான் தப்பைச் சொல்லுவார்கள். இங்கே அந்தப் பேச்சே கிடையாது. புடுய்! புடுய்!

ஹெஸ்லர் பல்லைக் கடித்துக்கொண்டு படித்தார். நூடுல்ஸ் கடையிலும், தேநீர்க் கடையிலும் உட்கார்ந்து பேசிப் பழகினார். கல்லூரிச் சுவரில் இருந்த எழுத்துகள் ஒவ்வொன்றாகப் பிடிபட்டன.

இரண்டு ஆள்!

அவருக்குச் சீனப் பெயரும் வைத்தார்கள். "ஹோ வெய்" என்று.

ஹெஸ்லரும் ஹோ வெய்யும் ஒருவர்தான். ஆனால் வேறு வேறு ஆள்! ஆங்கிலம் பேசும் ஹெஸ்லர் மெத்தப் படித்தவர். சீனம் பேசும் ஹோ வெய், தட்டுத் தடுமாறும் அசடு. ஊரார் மனம் விட்டுப் பேசியது யாரிடம்? ஹோ வெய்யிடம்தான்! ஹோ வெய் பேசினால் சிரிப்பார்கள். சிரித்த பிறகு பக்கத்தில் உட்காருவார்கள்.

அதற்காக, எல்லாம் இனித்தது என்று சொல்ல முடியாது. ஊரை விட்டுப் புறப்படும் சமயம். நினைவுக்காகக் கடைத்தெருவைப் படம் பிடிக்க, நண்பருடன் வீடியோ காமிரா எடுத்துப் போனார். கூட்டம் கூடியது. சந்தேகம் கிளம்பியது. தள்ளுமுள்ளு ஆகி, அடியும் விழுந்தது. 2 ஆண்டு வாழ்ந்தும், அந்தக் கூட்டத்துக்கு அவர் அயலாராகவே இருந்தார்.

1998-ல் அவர் விடைபெற்றார். பூலிங் வாழ்க்கையைப் புத்தகமாக எழுதினார். 2001-ல் வெளிவந்து, அவருக்குப் பெரும் புகழ் தேடித் தந்தது.

நீருக்குள் போன பாறை

அவர் பார்த்த பூலிங்கில் ஒரு பகுதி இன்று இல்லை. யாங்சி நதியில் கட்டிய பிரமாண்டமான "மூன்று மலை இடுக்கு" அணையால், ஊரின் தாழ்வான பகுதி மூழ்கியது. நதிக்கரை நெடுக 12 லட்சம் பேருக்கு மேல் வீடு மாறினார்கள்.

ஊரை ஒட்டி, ஆற்றுக்குள் "வெள்ளைக் கொக்குப் பாறை" இருந்தது. அதில் கல் மீன்கள் செதுக்கி இருந்தார்கள். குளிர்காலத்தில் நீர் வற்றினால் மீன் தெரியும். மீன் தெரிந்தால் விளைச்சல் பெருகும் என்பது நம்பிக்கை. சுமார் 1,200 ஆண்டுகளாக நீர்மட்டத்தைக் குறித்து வைத்த பாறை அது. எழுத்து அறியாதவரும் படிக்கக்கூடிய புத்தகம்!

இன்று அது சுமார் 40 மீட்டர் ஆழத்தில் இருக்கிறது. நீருக்கு அடியிலேயே, 2009-ல் காட்சிசாலை திறந்தார்கள். ஊருக்கு ரெயில் வந்துவிட்டது. பெரிய ரோடும் வந்துவிட்டது.

ஹெஸ்லரின் மாணவர்கள் பலர் ஆசிரியர்கள் ஆனார்கள். அவரோ அவர்களை மறக்கவில்லை. கடிதம் எழுதி வந்தார். நேரில் போயும் பார்த்தார்.

மறுபடியும் "அ, ஆ"

2019-ல் ஹெஸ்லர் மீண்டும் சீனாவுக்குப் போனார். செங்டு நகரப் பல்கலைக்கழகத்தில் 2021 வரை பாடம் நடத்தினார். இந்தத் தடவை, மனைவியும் இரட்டைப் பெண் குழந்தைகளும் கூடப் போனார்கள்.

பிள்ளைகளைச் சீனப் பள்ளியில், 3-ம் வகுப்பில் சேர்த்தார். அவர்களுக்குச் சீனம் தெரியாது. ஆசிரியர் பேசுவது புரியாது. பாடப் புத்தகத்தைப் படிக்கத் தெரியாது.

அப்பா அதற்காகக் கலங்கவில்லை. 23 ஆண்டுகளுக்கு முன், கடைப் பலகைக்கு எதிரே நின்றவர் அல்லவா அவர்!