நகரோரக் காடுகள் – 6: இடம் தெரிந்த சிறுத்தை

காலை ஆறரை மணிக்கு போரிவிலி ஸ்டேஷனில் இறங்கினால், சர்ச்கேட் வண்டியைப் பிடிக்க ஓடிவரும் கூட்டம் நம்மைப் பின்னால் தள்ளும். அதை விலக்கிக்கொண்டு கிழக்குப் பக்கமாக வெளியே வந்து, ஆட்டோ பிடித்து நெடுஞ்சாலைக்குப் போனால் சஞ்சய் காந்தி தேசியப் பூங்காவின் வாசல் வந்துவிடுகிறது. சென்ற வாரம் நாம் நடந்த கிண்டிக் காட்டின் பரப்பு 2.7 சதுர கிலோமீட்டர். இது ஏறத்தாழ 104. மூன்று பக்கம் நகரம் நெருக்குகிற இந்தக் காட்டுக்குள்தான் விஹார், துளசி என்ற இரண்டு ஏரிகள் இருக்கின்றன. குழாய் வழியே மும்பைக்குக் குடிநீர் முதன்முதலில் போனது விஹாரிலிருந்து, 1860-இல். அந்த நீர்பிடிப்புப் பகுதியைக் காக்க வேண்டியிருந்ததும் இந்தக் காடு பிழைத்ததற்கு ஒரு காரணம்.

ஷிலோண்டா என்கிற ஓடைத் தடத்தில் வழிகாட்டியோடு நடப்பதற்காக நாங்கள் பதினான்கு பேர் வந்திருந்தோம். வழிகாட்டிக்கு இருபத்தைந்து வயதிருக்கும். பூங்காவுக்கு உள்ளேயே இருக்கும் வார்லி பழங்குடியினரின் குடியிருப்பில் பிறந்தவர். அந்தக் குடியிருப்புகளை இங்கே 'பாடா' என்கிறார்கள். எங்கள் கூட்டத்தில் தமிழ் பேசுகிறவர் இன்னொருவரும் இருந்தார். தாராவியில் குடியிருக்கும் திருநெல்வேலிக்கார அம்மா, பேத்தியின் கையைப் பிடித்துக்கொண்டு வந்திருந்தார்.

"நாப்பது வருசமா பம்பாய்ல இருக்கேன் தம்பி. இப்படி ஒரு காடு கெடக்குன்னு இவ சொல்லித்தான் தெரியும்" என்றார்.

மழைக்காலம் முடிந்து அக்டோபர் வெயில் தொடங்கியிருந்தது. கொஞ்ச தூரம் போனதும் வழிகாட்டி கையை விரித்து எங்களை நிறுத்தினார். தடத்தின் குறுக்கே, எங்கள் முகத்துக்கு நேரே ஒரு சிலந்தி வலை. வெயில் பட்ட இடத்தில் அதன் இழைகள் பொன்னிறமாகத் தெரிந்தன. நடுவில் பெண் சிலந்தி, கால்களோடு சேர்த்தால் என் உள்ளங்கை அளவு. அதே வலையின் ஓரத்தில் செம்பழுப்பாக ஒரு பொட்டு ஒட்டிக்கொண்டிருந்தது. தூசி என்று நினைத்தேன். அதுதான் ஆண் என்றார். வலையை அறுக்காமல் புதருக்குள் இறங்கி, பதினான்கு பேரும் ஒவ்வொருவராகச் சுற்றிப் போனோம். கடைசி ஆள் வரும்வரை அவர் அங்கேயே நின்றிருந்தார். இந்த நடையில் எனக்கு மிகப் பிடித்த ஐந்து நிமிடம் அதுதான்.

பிறகு தேக்கு மரங்கள். ஒரு தளிரைக் கிள்ளிப் பேத்தியின் உள்ளங்கையில் வைத்துத் தேய்க்கச் சொன்னார். கை சிவந்தது. "மருதாணி மாதிரி இருக்கு ஆச்சி!" என்று அவள் கத்த, வழிகாட்டி சிரித்தபடி உதட்டில் விரல் வைத்தார்.

சரிவில் கார்விச் செடிகள். நம் நீலக்குறிஞ்சிக்கு இது உடன்பிறப்பு. அது பன்னிரண்டு ஆண்டுக்கு ஒருமுறை பூக்கும், இது எட்டு. 2016-இல் பூத்து, மறுபடி 2024-இல் பூத்தது. பூத்துக் காய்த்த தலைமுறை அதோடு காய்ந்துபோகும். நாங்கள் பார்த்தது பட்டுப்போன குச்சிகளும் அவற்றின் காலடியில் புதுக் கன்றுகளும்தான். வழிகாட்டி பிறந்த வீட்டின் சுவர் கார்விக் குச்சிகளை நெருக்கிக் கட்டி, மண்ணும் சாணமும் பூசியது. வார்லி ஓவியங்கள் என்று இன்று துணியிலும் கோப்பையிலும் விற்கிறார்களே, அவை பிறந்தது அப்படிப்பட்ட சுவர்களில், அரிசி மாவுக் கோலமாக.

ஓடைக்கு வந்தோம். ஈர மணலில் ஒரு தடம். குந்தி உட்கார்ந்து குச்சியால் சுட்டிக்காட்டினார். நான்கு விரல், நகக் குறி இல்லை. நாயாக இருந்தால் நகம் பதிந்திருக்கும். சிறுத்தை நடக்கும்போது நகத்தை உள்ளே இழுத்துக்கொள்கிறது. உள்ளங்காலின் பின்விளிம்பில் மூன்று மேடு, அது பூனைக் குடும்பத்தின் முத்திரை. கொஞ்சம் தள்ளி ஒரு பாறைமேல் வெளுத்துக் காய்ந்த எச்சம் கிடந்தது. குச்சியால் பிளந்தார். உள்ளே ரோமம்.

"நாய்" என்றார்.

இந்தக் காட்டிலும் அதைச் சுற்றியும் 2015-இல் தானியங்கி கேமராக்கள் வைத்துக் கணக்கெடுத்தபோது 35 சிறுத்தைகள் தெரியவந்தன. புள்ளிமான், காட்டுப்பன்றி எல்லாம் இருந்தாலும், நகர விளிம்பின் தெருநாய்களும் இவற்றுக்குப் பெரிய இரை. நாம் குப்பை கொட்டுகிறோம், குப்பைக்கு நாய் வருகிறது, நாய்க்குச் சிறுத்தை வருகிறது.

இங்கே ஒரு பழைய துயரத்தைச் சொல்லியாக வேண்டும். 2004-இல் இந்தக் காட்டின் ஓரங்களில் சிறுத்தைகள் அடுத்தடுத்து மனிதர்களைத் தாக்கின. ஜூன் ஒரே மாதத்தில் பல உயிர்கள் போயின. சிறுத்தைகள் பெருகிவிட்டன, பிடித்து அப்புறப்படுத்துங்கள் என்று ஊர் பதறியது. ஆனால் அதற்கு முந்தைய ஆண்டுகளில் நடந்துகொண்டிருந்ததே அதுதான். வேறு இடங்களில் கூண்டு வைத்துப் பிடித்தவற்றைக் கொண்டுவந்து இந்தக் காட்டில் விட்டிருந்தார்கள். புணே மாவட்டத்தின் ஜுன்னர் பகுதியில் வித்யா அத்ரேயாவும் அவருடைய சகாக்களும் செய்த ஆய்வு இதைத் தெளிவாக்கியது: பிடித்து இடம் மாற்றியபின் மனிதர்கள்மீதான தாக்குதல் குறையவில்லை, கூடியது. புது இடத்தில் விடப்பட்ட விலங்குக்கு எங்கே தண்ணீர், எங்கே மறைவு, மனிதர் எந்த நேரம் எந்த வழியில் நடப்பார்கள் என்று எதுவும் தெரியாது. தன் பழைய இடத்தைத் தேடி அலையும்.

சிறுத்தை தெரிந்தாலே கூண்டு வைக்கச் சொல்லும் வழக்கம் இன்னும் எல்லா ஊரிலும் இருக்கிறது. கோபத்தோடுதான் எழுதுகிறேன்: அந்தக் கூண்டு பலநேரம் ஆபத்தை இன்னொரு ஊர்ப் பிள்ளையின் வாசலுக்குத் தள்ளிவிடுகிறது.

வழிகாட்டி இதையெல்லாம் இந்தியில் சொல்ல, நான் அந்த அம்மாவுக்குத் தமிழில் சொன்னேன். அவர் கொஞ்ச நேரம் ஓடையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"கலியாணம் ஆகி வந்த புதுசுல நானும் அப்படித்தான் தம்பி. எந்தச் சந்துல திரும்பணும்னு தெரியாது. யாராச்சும் கிட்ட வந்தாலே பதறும்."

பாடாவில் இருக்கிறவர்கள் என்ன செய்கிறார்கள் என்று கேட்டேன். இருட்டினால் தனியாகப் போவதில்லை. கூட்டமாகப் போவார்கள், பிள்ளைகள் நடுவில். சத்தமாகப் பேசிக்கொண்டோ மொபைலில் பாட்டுப் போட்டுக்கொண்டோ நடப்பார்கள். கையில் விளக்கும் கோலும். வீட்டைச் சுற்றி எச்சில் இலை, குப்பை சேர விடமாட்டார்கள். இதற்கெல்லாம் மேலே வாகோபா இருக்கிறார். புலிக்கும் சிறுத்தைக்கும் சேர்த்து ஒரே சாமி. 'வாக்' என்றால் புலி. பின்னால் வரும் 'பா' மரியாதைக்கு, நாம் ஐயா என்பதுபோல.

திரும்பி வரும்போது வலப்பக்கச் சரிவிலிருந்து புள்ளிமானின் கூவல், கூர்மையாக ஒரே ஒரு முறை. வழிகாட்டியின் கை உயர்ந்தது. மறுபடி கூவல். மேலே கிளையில் குரங்கு ஒன்று இருமுவதுபோல் குரல் கொடுத்தது. எங்களுக்கு மரங்களைத் தவிர ஒன்றும் தெரியவில்லை. சற்றுத் தள்ளி ஒரு மான் மட்டும் வாலைத் தூக்கி, முன்னங்காலால் தரையைத் தட்டியபடி ஒரே திசையைப் பார்த்துக்கொண்டிருந்தது. நெடுஞ்சாலையின் இரைச்சல் தூரத்தில் கேட்டது. பேத்தி ஆச்சியின் முந்தானையைப் பிடித்துக்கொண்டாள்.

எவ்வளவு நேரம் நின்றோமோ, மான் வாலை இறக்கிக் குனிந்து புல்லைக் கடித்தது. வழிகாட்டி கையைத் தாழ்த்தினார்.

"என்ன சொல்லுதார்?" என்றார் அம்மா.

"போயிட்டாராம்" என்றேன்.