சயாம் நாடும் தமிழ்த் தொடர்பும்

இன்று தாய்லாந்து என வழங்கும் நாட்டிற்குச் சயாம் என்பதே நெடுங்காலம் வழங்கிய பெயராகும். 1939-இல் அரசாணையால் புதுப்பெயர் ஏற்பட்டது. 1945-இல் பழம்பெயர் மீண்டது. 1949 முதல் புதுப்பெயரே நிலைபெற்றுள்ளது. தமிழாராய்வார் பலர்க்கு இந்நாடு ஒரே செய்தியால் அறிமுகமாகியுள்ளது. பாங்காக்கு அரசவை அந்தணர் திருவெம்பாவை ஓதுகின்றனர் என்பதே அது. தனிநாயக அடிகள் 1950-களில் இதனை அறிஞருலகிற்கு எடுத்துரைத்தார். செய்தி உண்மையே. ஆயின், பிறர் இதன்மேல் எழுப்பிய மாளிகைகள் பல. சயாமியர் நாகரிகமே தமிழர் தந்தது என்பாரும் உளர். இக்கூற்று நிற்குமா என்பதை அறிய, நாட்டின் இயல்பை முதற்கண் கூறிப் பின்னர்த் தமிழ்ச் சான்றுகளை ஆராய்வோம்.

தாய்லாந்தின் பரப்பு ஏறத்தாழ 5,13,000 சதுர கிலோமீட்டர். தமிழ்நாட்டைப் போல நான்கு மடங்கு எனலாம். வடக்கே தேக்கு வளர்ந்த மலைநிலம். வடகிழக்கே மழை குறைந்த கோராட்டு மேட்டுநிலம். அதன் எல்லையில் மேக்கோங்கு ஆறு. பிங், வாங், யோம், நான் என்னும் வட ஆறுகளின் நீர் நகோன் சவானில் ஒன்றுகூடிச் சௌ பிரயா என்னும் பேராறாகின்றது. அதன் வண்டல் நிலமே நாட்டின் நெற்களஞ்சியம். தலைநகரங்கள் பலவும் அவ்வாற்றின் கரையிலேயே எழுந்தன. தெற்கே நீண்டு இறங்கும் தீபகற்பமோ வேறோர் உலகம். ஒருபால் வங்கக் கடலைச் சார்ந்த அந்தமான் கடல். மறுபால் சயாம் வளைகுடா. கிரா என்னுமிடத்தில் இவ்விரண்டிற்கும் இடைப்பட்ட நிலத்தின் அகலம் 44 கிலோமீட்டர் அளவினதே. மலாக்கா நீரிணையைச் சுற்றிச் செல்லாது, சரக்கை இறக்கி நிலவழியே கடத்தி மறுகடலில் ஏற்றுதல் பண்டை வணிகர்க்கு இயல்வதாயிற்று. தமிழ்ச் சான்றுகள் இத்தீபகற்பத்தின் மேலைக் கரையில் மிகுந்து காணப்படுதற்குக் காரணம் இதுவே.

வரலாற்றில் ஒரு நிரல்முறையை மறத்தலாகாது. தாய் மக்கள் இங்கு ஆட்சி அமைப்பதற்கு முன்னரே மோன் மக்களின் துவாரவதியும், பின்னர்க் கெமர் பேரரசும் இந்நிலத்தில் சிறந்திருந்தன. இந்தியச் சமயமும் எழுத்தும் முன்னரே அவர்பாற் புகுந்தவை. பதின்மூன்றாம் நூற்றாண்டிற் சுகோதையில் தலையெடுத்த தாய் மன்னர் அவற்றைப் பெரிதும் இவர்களிடமிருந்தே ஏற்றனர். தாய் எழுத்து கெமர் எழுத்தினின்றும், கெமர் எழுத்து பல்லவர் காலத் தென்னக எழுத்தினின்றும் பிறந்தவை. எனவே அவ்வெழுத்து நமக்கு உறவினதே. மகளன்று, பேர்த்தி எனலாம். நகோன் என்பது நகரம் என்பதை ஒத்தலைக் கண்டு மகிழ்வார் அது வடசொல்வழிச் சென்றதென்பதை நோக்குதல் வேண்டும்.

1351-இல் தோன்றிய அயுத்தயா 1767-இற் பர்மியரால் அழிந்தது. 1782-இல் சக்கிரி மரபு பாங்காக்கில் அரசு நிறுவியது. அம்மரபின் முதல் மன்னரே 1797-இல் இராமகியன் என்னும் இராமகாதையை இயற்றுவித்தார். ஐரோப்பியர்க்கு அடிமைப்படாத நாடு என்பது சயாமியர் பெருமை. ஆயினும் 1893-இற் பிரெஞ்சியர்க்கும், 1909-இல் ஆங்கிலேயர்க்கும் நிலம் ஈந்தே அப்பெருமை காக்கப்பட்டது. பின்னதில் ஈந்தவற்றுள் ஒன்று கெடா; தமிழ் நூல்கள் கடாரம் எனக் கூறும் நாடு அதுவே என்பர்.

1932-இல் முற்றதிகார முடியாட்சி ஒழிந்து அரசியற்சட்டத்திற்கு உட்பட்ட முடியாட்சி ஏற்பட்டது. ஆயின் படைத்தலைவர் ஆட்சியைக் கைப்பற்றுதல் பன்முறை நிகழ்ந்தது. 2006, 2014 ஆகிய ஆண்டுகளிலும் அவ்வாறே. 2017-இல் வந்தது இருபதாவது அரசியற்சட்டம். மக்களுள் மிகப் பெரும்பாலோர் தேரவாத பௌத்தர். மன்னர் பௌத்தராக இருத்தலும் பிற சமயங்களையும் புரத்தலும் சட்டத்தின் விதி. இத்தகைய பௌத்த அரசவையிலேதான் அந்தணர் சடங்கும் நின்று நிலவுகின்றது.

இனித் தமிழ்ச் சான்றுகளைக் காண்போம். தென்மேற்குக் கரையிலுள்ள குவான் லுக் பட் என்னுமிடத்தில் பொன் உரைகல் ஒன்று கிடைத்தது. அதிலுள்ள தமிழ்ப் பிராமி எழுத்துகள் பெரும்பத்தன் என்பானது கல் என்னும் பொருள்பட உள்ளன. அதன் காலம் கி.பி. 3 அல்லது 4-ஆம் நூற்றாண்டு. தகுவாபாவிற் கிடைத்த 9-ஆம் நூற்றாண்டுத் தமிழ்க் கல்வெட்டு இன்னும் சிறந்தது. அவனிநாரணம் என்னும் குளத்தையும், அது மணிக்கிராமத்தார் முதலியோர் காவலில் விடப்பட்டதையும் அது கூறுகின்றது. பெயர் மூன்றாம் நந்திவர்மனின் விருதுப்பெயர் என்பர். குளம் தோண்டிக் காவலமைப்போர் பருவக்காற்று மாறும்வரை தங்கிச் செல்லும் கூட்டத்தார் மட்டும் அல்லர், வேரூன்ற எண்ணினோர். 1025-ஆம் ஆண்டளவில் நிகழ்ந்த முதல் இராசேந்திரனது கடற்படையெடுப்பு இவற்றினும் புகழ் வாய்ந்தது. மெய்க்கீர்த்தி குறிக்கும் மாதமாலிங்கம் இன்றைய நகோன் சி தம்மராட் எனப்படும். ஆயினும் அப்படையெடுப்பு அங்கே சோழர் ஆட்சியாக நிலைத்தமைக்குச் சான்றில்லை. பொற்கொல்லனும் வணிகனும் விட்ட சுவடே ஆழ்ந்தது என்பது எம் துணிபு.

திரியம்பாவாய், திரிப்பாவாய் என வழங்கும் அரசவை விழாப் பெயர்கள் திருவெம்பாவை, திருப்பாவை என்பவற்றின் திரிபுகளே. முன்னது சிவபெருமானுக்கும் பின்னது திருமாலுக்கும் உரியவை. பாங்காக்கில் 1784-இல் எழுந்த தேவசுதான் கோயிலின்முன் நெடிய ஊசலொன்று நிற்கின்றது. அதில் ஆடுவோர் உயரத்தே தொங்கும் பொற்கிழியைப் பல்லாற் கவ்வுதல் வழக்கம். 1935-இல் ஊசலாட்டம் நின்றது. கோயிலினுள் ஓதுதல் நிற்கவில்லை. ஊசலைத் திருவாசகத்துத் திருப்பொன்னூசலொடு இணைத்தல் கவர்ச்சியுடையதே. ஆயின் பெயர்ச்சான்றோ பாடற்சான்றோ இன்றி அதனை யாம் கொள்ளோம்.

ஓதுவோர் பொருளறியார், ஒலியும் மிகத் திரிந்துள்ளது. ஆனால் அவர்தம் சுவடிகள் கிரந்த எழுத்தில் உள்ளன. திருவெம்பாவையேயன்றித் தேவாரப் பாடல்களும் அவற்றுட் காணப்படுகின்றன. வடமொழிக்கென அமைந்த கிரந்தத்தில் ழகர, றகர, னகரங்கட்கு எழுத்தில்லை. அவ்விடங்களில் எழுதினோர் யாது செய்தனர் என எழுத்தெழுத்தாக ஒப்புநோக்கின், அவர் தமிழறிந்து எழுதினாரா, கேட்டு எழுதினாரா, பார்த்துப் படியெடுத்தாரா என்பது புலனாகும். தாய் மொழியும் கிரந்தமும் ஒருங்கு கற்ற தமிழ் மாணவர் மேற்கொள்ளுதற்குரிய பணி இது.