காரை கேரியர் லாரியில ஏத்துறீங்களா? சார்ஜைக் கேட்கும் முன்னாடி இந்த 5 விஷயத்தைப் பாருங்க

கோவிலம்பாக்கத்துல இருந்து புனேவுக்கோ குருகிராமுக்கோ வேலை மாறிப் போறீங்க. காரை கேரியர் லாரியில அனுப்பப் போறீங்க. எல்லாரும் முதல்ல கேட்பது, "எவ்வளவு சார்ஜ்?" அதைவிட முக்கியமான கேள்வி: வழியில அடிபட்டா யார் பணம் தருவாங்க?

1. பத்து மடங்கு கணக்கு

சாலைவழி சரக்குப் போக்குவரத்துக்கான 2007-ம் ஆண்டு சட்டம், அதன் 2011 விதிகள்படி, கூடுதல் ரிஸ்க் கட்டணம் கட்டாவிட்டால் டிரான்ஸ்போர்ட்காரரின் பொறுப்பு பொதுவாக வாடகையைப் போல 10 மடங்கு வரைதான். உதாரணமாக, வாடகை 15,000 ரூபாய்னா அதிகபட்சம் 1.5 லட்சம். கார் மதிப்பு 6 லட்சம்னா மீதி உங்க தலையில! அதனால டிரான்ஸிட் இன்ஷூரன்ஸ் எடுங்க. "இருக்கு சார்"னு வாயால சொன்னா போதாது. உங்க வண்டி நம்பரும் மதிப்பும் உள்ள சான்றிதழைக் கேட்டு வாங்குங்க.

2. உங்க கார் பாலிசி

காம்ப்ரிஹென்சிவ் பாலிசி இருந்தா, காரை ஏத்திட்டுப் போகும்போது வரும் சேதத்துக்கும் கவர் உண்டு. தேர்டு பார்ட்டி மட்டும்னா கிடையாது. ஆனா இதுல க்ளெய்ம் பண்ணா, 50% வரை சேர்த்து வெச்ச நோ க்ளெய்ம் போனஸ் போயிடும். சின்னக் கீறலுக்கு இது நஷ்டம்தான்.

3. கழுவுங்க, போட்டோ எடுங்க

அழுக்குக்குள்ள கீறல் தெரியாது. பகல் வெளிச்சத்துல நாலு பக்கம், கூரை, கண்ணாடி, சக்கரம் எல்லாம் எடுங்க. நீளமான டிரெய்லர் நம்ம தெருக்களுக்குள்ள திரும்பாது. யாராவது காரை ரேடியல் ரோடு வரைக்கோ யார்டு வரைக்கோ ஓட்டிட்டுப் போவாங்க. அதனால ஓடோமீட்டர் போட்டோ கட்டாயம். சோதனைப் படிவத்துல அவங்க கையெழுத்தும் வாங்குங்க.

4. வண்டியைக் காலி பண்ணுங்க

இடம் இருக்கேன்னு மிக்ஸி, துணிமணி வைக்காதீங்க. காணாமப் போனா கேட்க முடியாது. பெட்ரோல் கால் டேங்க் போதும். ஃபாஸ்டேக்கை அலுமினிய ஃபாயிலால மூடுங்க. இல்லன்னா லாரி மேல இருக்கும்போதே டோல்கேட்டுல பணம் பிடிக்க வாய்ப்பு உண்டு.

5. டெலிவரி அன்னைக்கு அவசரம் வேண்டாம்

பழைய போட்டோவை வெச்சு ஒப்பிட்டுப் பார்த்த பிறகு கையெழுத்து போடுங்க. சேதம் இருந்தா அதே ரசீதுலயே எழுதுங்க. வழக்கு போடணும்னா, புக்கிங் தேதியிலிருந்து 180 நாளுக்குள்ள எழுத்துப்பூர்வமா நோட்டீஸ் கொடுத்திருக்கணும்.

சார்ஜுல 1,000 ரூபாய் குறைக்கப் பேரம் பேசுங்க, தப்பில்லை. ஆனா இன்ஷூரன்ஸ் சான்றிதழ் கையில வராம சாவியைக் கொடுக்காதீங்க.