தூக்குமேடைக்கு முன்னால் – 7: ஹிண்டல்காவின் தனிக் கொட்டடி

பாலாறு குண்டுவெடிப்பு வழக்கில் தண்டனை பெற்ற நான்கு பேர் 2014 ஜனவரியில் தூக்கிலிருந்து தப்பியதைப் போன வாரம் பார்த்தோம். அவர்களின் கருணை மனு ஒன்பது ஆண்டுகள் கிடப்பில் கிடந்தது. அந்தத் தாமதமே அவர்களைக் காப்பாற்றியது. அவர்கள் இருந்த அதே பெலகாவி ஹிண்டல்கா சிறையில் இன்னொரு தூக்குக் கைதியும் இருந்தார். அவருக்குத் தாமதம் கைகொடுக்கவில்லை.

உமேஷ் ரெட்டி. 1998 பிப்ரவரி 28 அன்று பெங்களூரு பீன்யாவில், ஒரு பெண்ணை அவருடைய வீட்டுக்குள்ளேயே வன்கொடுமை செய்து கொன்ற வழக்கு. அந்தப் பெண்ணுக்கு ஏழு வயதில் ஒரு மகன். சட்டத்தின் கதவுகளைப் பற்றி எழுதும்போதும் அந்தச் சிறுவனை ஒதுக்கிவைக்க எனக்கு மனம் வரவில்லை.

2006-ல் பெங்களூரு செஷன்ஸ் நீதிமன்றம் மரண தண்டனை விதித்தது. ஆனால் உயர் நீதிமன்றம் உறுதி செய்யாமல் யாரையும் தூக்கிலிட முடியாது. கைதி மேல்முறையீடே செய்யாவிட்டாலும் வழக்கு அங்கே போயாக வேண்டும். விதான சௌதாவுக்கு எதிரே இருக்கும் அந்தச் சிவப்புக் கட்டடத்தில் இரண்டு நீதிபதிகள் விசாரித்தார்கள். ஒருவர் தூக்கு என்றார். மற்றவர் ஆயுள் தண்டனை போதும் என்றார். மூன்றாவது நீதிபதி 2009-ல் தூக்கு என்று முடித்தார். அதே சாட்சியம், அதே கோப்பு. உயிர் ஒரு நீதிபதியின் கருத்தில் தொங்கியது. இதைப் படித்த இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை.

உச்ச நீதிமன்றம் 2011-ல் உறுதி செய்தது. 2013-ல் குடியரசுத் தலைவர் கருணை மனுவை நிராகரித்தார். தூக்குக் கைதியின் சீராய்வு மனுவைத் திறந்த நீதிமன்றத்தில் வாதம் கேட்டே முடிவு செய்ய வேண்டும் என்று 2014-ல் ஒரு தீர்ப்பு வந்தது. அதன்படி கேட்கப்பட்ட இவருடைய மனுவும் 2016-ல் தள்ளுபடியானது. கருணை மனு மீதான தாமதம் பெரிதல்ல என்றும் நீதிமன்றங்கள் சொல்லிவிட்டன.

மிஞ்சியது ஒரே கேள்வி: இத்தனை ஆண்டுகள் அவரை எங்கே, எப்படி வைத்திருந்தார்கள்?

செஷன்ஸ் தீர்ப்பு வந்த 2006 முதல் 2016 வரை தனிக் கொட்டடியில். மரண தண்டனைக் கைதியைத் தனியே அடைத்து இரவும் பகலும் காவல் வைக்க 1894-ஆம் ஆண்டுச் சிறைச் சட்டம் இடம் தருகிறது. ஆனால் யார் அந்த ‘மரண தண்டனைக் கைதி’? 1978-லேயே சுனில் பத்ரா வழக்கில் நீதிபதி கிருஷ்ணய்யர் விளக்கிவிட்டார்: மேல்முறையீடு, கருணை மனு எல்லாம் முடிந்து, இனி நிறைவேற்றுவதுதான் பாக்கி என்ற நிலைக்கு வந்தவர் மட்டுமே. அதுவரை அவரும் மற்றக் கைதிகளைப் போலத்தான். நீதிமன்றமே தண்டனையாகத் தனிமைச் சிறை விதித்தாலும் மொத்தம் மூன்று மாதத்தைத் தாண்டக்கூடாது என்றது 2024 வரை நடைமுறையில் இருந்த இந்திய தண்டனைச் சட்டம். இவருக்கோ எந்த நீதிமன்றமும் விதிக்காத பத்து ஆண்டுகள்.

இந்தத் தனிமைச் சிறைக்காகவே தூக்கைக் குறைக்க வேண்டும் என்ற வாதத்தைக் கர்நாடக உயர் நீதிமன்றம் 2021-ல் ஏற்கவில்லை. தலைமை நீதிபதி யு.யு.லலித் தலைமையிலான உச்ச நீதிமன்ற அமர்வு 2022 நவம்பர் 4 அன்று ஏற்றது. தூக்கு ஆயுளானது, குறைந்தது 30 ஆண்டுகள் கழியாமல் தண்டனைக் குறைப்பு கேட்க முடியாது.

அந்தத் தீர்ப்பு வந்தபோது பீன்யாச் சிறுவனுக்கு 31 வயது ஆகியிருக்கும்.