வாயில்லாத நாகசலபம்

பாறசாலை, நெய்யாற்றின்கரை எல்லைக் கிராமங்களிலிருந்து நகரத்தில் குடியேறியவர்கள் விடுமுறைக்கு ஊர் செல்லும்போது, மழை விட்ட இரவொன்றில் திண்ணை விளக்கின் அருகே ஒரு பூச்சியைக் காண நேரிடலாம். ஏறக்குறைய ஒரு சாண் அகலம், செங்கபில நிறம். முன்சிறகுகளின் நுனி ஒவ்வொன்றும் கண்ணோடுகூடிய பாம்பின் தலைபோலத் தோன்றும். பிள்ளைகள் அலற, யாராவது துடைப்பத்தைத் தேடுவர். நானும் என் சிறுவயதில் அவ்விதம் ஒன்று அடிபட்டு விழுந்ததைப் பார்த்து நின்றவன்தான். அதற்கு நஞ்சுமில்லை, கொடுக்குமில்லை, கடிக்க வாயுமில்லை என்பதை வெகுகாலத்திற்குப் பின்னரே அறிந்தேன்.

மலையாளத்தில் இதை நாகசலபம் என்பர். சலபம் தமிழ் அகராதிகளிலும் உள்ள சொல்லே. விட்டில் என்று பொருள். ஐரோப்பியர் இட்ட பெயரோ வேறு. 1758-ல் சுவீடன் நாட்டு லின்னேயஸ் ஆசியாவின் பெரும்பூச்சி ஒன்றுக்கு, கிரேக்கக் கதையில் வானத்தைத் தோளில் தாங்கும் அட்லஸின் பெயரைச் சூட்டினார். நம் ஊர்ப் பூச்சியையும் பலர் அட்லஸ் என்றே எழுதிவிடுகின்றனர். தென்னிந்தியாவிலும் இலங்கையிலும் வாழ்வது அதன் நெருங்கிய உறவான வேறோர் இனம். 1880-களில் இலங்கையின் வண்ணத்துப்பூச்சிகளையும் விட்டில்களையும் குறித்து மூன்று பாகங்களில் நூல் வெளியிட்ட ஆங்கிலேயர் பிரெடெரிக் மூர், இதற்கு அட்டாகஸ் தப்ரோபேனிஸ் என்று பெயரிட்டார். தப்ரோபேன் என்பது கிரேக்கர் இலங்கைக்கு வழங்கிய பெயர். தாமிரபரணி என்பதன் திரிபு என்பர். பாறசாலைக்கு அப்பால் குழித்துறையில் ஓடும் ஆற்றுக்கும் அப்பெயரே! ஆதாம் தொடங்கிய பெயரிடும் வேலை இவ்வளவு சுற்றி வந்து நம் வாசலில் நிற்கிறது.

இதன் ஜீவியமோ பெயரைவிட வியப்பானது. கறுவா, கொய்யா, எலுமிச்சை போன்ற மரங்களின் இலைகளில் தாய்ப்பூச்சி முட்டையிடும். (அப்பம் அவிக்க நாம் பறிக்கும் வயண இலையும் கறுவா இனத்ததே.) இரண்டு வாரத்திற்குள் புழு வெளிவந்து, முதலில் தன் முட்டையோட்டையே தின்னும். பிறகு ஓயாமல் இலை தின்று பத்து சென்டிமீட்டர்வரை வளரும். வெண்பொடி பூசிய பச்சை உடல். இலைகளை இழுத்து நூலால் கூடு கட்டி, அது விழாதபடி காம்பையும் கிளையோடு பிணைத்துவிட்டு, ஏறக்குறைய ஒரு மாதம் உள்ளே அடங்கியிருக்கும்.

வெளிவரும்போது வாய் உறுப்புகள் வளர்ச்சியற்றவை. தேனுமில்லை, தண்ணீருமில்லை. புழுப்பருவத்தில் சேர்த்த கொழுப்பே ஆகாரம். அது தீருமட்டும் உயிர். ஒரு வாரம், மிஞ்சினால் இரண்டு. பெண் தன் கூட்டின் அருகிலேயே தொங்கி வாசனையை விடும். இறகுபோன்ற உணர்கொம்புகளையுடைய ஆண், இருட்டில் வெகுதூரத்திலிருந்து அதை உணர்ந்து தேடிப் பறக்கும்.

அந்தச் சில இரவுகளில் ஒன்றைத்தான் நம் திண்ணை விளக்கு எடுத்துக்கொள்கிறது. ஒளியைச் சுற்றி வீணே அலைந்தால், செலவழிந்த பலத்தைத் திரும்பப் பெற அதற்கு வழியில்லை. தொந்தரவு செய்தால் தரையில் விழுந்து சிறகை மெல்ல அசைத்துப் பாம்பெனப் பயமுறுத்தும். அதன் தற்காப்பு அவ்வளவே. துடைப்பம் வேண்டாம், விளக்கை அணைத்துவிடுங்கள். பிள்ளைகள் பார்க்க விரும்பினால், காலையில் கொய்யா மரத்தடிக்கு அழைத்துச் சென்று, காய்ந்த இலைச்சுருள்களில் கூடு ஏதேனும் தொங்குகிறதா என்று தேடச் சொல்லுங்கள்.