போர்பன் கேரமல் சாஸ்

கருக்கிய சர்க்கரையில் வெண்ணெயும் கிரீமும் சேர்த்து, கடைசியில் சிறிது போர்பன் விஸ்கி கலந்தால் போர்பன் கேரமல் சாஸ். ஐஸ்கிரீம், பிரெட் புட்டிங் ஆகியவற்றின் மேல் இது ஊற்றப்படுகிறது.

அடிகனமான பாத்திரத்தில் 200 கிராம் சர்க்கரையும் கால் கப் தண்ணீரும் மிதமான தீயில் வைக்கப்படும். சர்க்கரை கரைந்தபின் கிளறக் கூடாது. கிளறினால் பாகு பூத்து மணல் மணலாகிவிடும். சில துளி எலுமிச்சைச் சாறு இதைத் தடுக்கும். அமிலம் சர்க்கரையின் ஒரு பகுதியைக் குளுக்கோஸாகவும் ஃபிரக்டோஸாகவும் பிரிப்பதால் படிகம் எளிதில் சேராது. பாகு 170 டிகிரி செல்சியஸை நெருங்கும்போது பழுப்பேறும். தேன் நிறத்திலேயே இறக்கினால் வெறும் தித்திப்புதான். செம்பழுப்பு வரை பொறுத்தால் மெல்லிய கசப்பும் மணமும் கூடும். அதைத் தாண்டினால் கருகல், அதற்கு மீட்சி இல்லை.

அடுப்பை அணைத்து 60 கிராம் வெண்ணெய், பிறகு வெதுவெதுப்பான கிரீம் 120 மில்லிலிட்டர் சிறிது சிறிதாகச் சேர்க்க வேண்டும். குளிர்ந்த கிரீம் என்றால் பாகு சீறிப் பொங்கும். கையில் தெறித்தால் ஒட்டிக்கொண்டு ஆழமாகச் சுடும்.

சூடு சற்றுத் தணிந்ததும் இரண்டு மேசைக்கரண்டி போர்பன், ஒரு சிட்டிகை உப்பு. போர்பனிலுள்ள ஆல்கஹாலான எத்தனால் 78 டிகிரியிலேயே கொதிப்பதால், எரியும் அடுப்பருகே ஊற்றினால் ஆவி தீப்பிடிக்கலாம். உட்புறம் கருக்கிய புதிய ஓக் பீப்பாயில் முதிர்வதால் போர்பனில் வெனிலா மணம் இயல்பாகவே உண்டு. தனி எசன்ஸ் வீண். ஆல்கஹால் முழுதும் ஆவியாவதில்லை என்பதால் இது குழந்தைகளுக்கு ஏற்றதல்ல.